உப்புக் காற்றும் கைத்துப்பாக்கியும்: நம்பகத்தன்மையை அளக்கும் கணக்கு

கைத்துப்பாக்கியின் நம்பகத்தன்மை என்பது ஒரு நிகழ்தகவு. குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட வகை ரவையுடன், விசைவில்லை இழுத்ததும் அது வெடித்து, வெற்றுக் கோதை வெளியே தள்ளி, அடுத்த ரவையை ஏற்றி மீண்டும் ஆயத்தமாவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதே அந்த அளவு. குறி தவறாமை, சன்னத்தின் வேகம், பிடிமானத்தின் வசதி ஆகியவை வேறு குணங்கள். அவற்றைச் சில மணி நேரத்தில் அளந்துவிடலாம். நம்பகத்தன்மையை அளப்பதற்கு ஆயிரக்கணக்கான ரவைகள் செலவாகும். ஆகவே மலிவான கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதில், வாங்கும் விலையோடு, அதை நம்பலாம் என்று நிரூபிக்க ஆகும் செலவும் கணக்கில் சேர வேண்டும்.

இந்த அளவுக்குச் சூழல் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலைக் கரை நல்ல எடுத்துக்காட்டு. மேற்கே இந்து சமுத்திரம், கிழக்கே புத்தளம் களப்பு, இரண்டுக்கும் நடுவே கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலம். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சோளகம் ஓயாமல் வீசும். மாம்புரியிலும் நுரைச்சோலையிலும் காற்றாலைகள் நிறுவப்பட்டதற்கும், கற்பிட்டிக்குப் பட்டச் சறுக்கு விளையாட்டுக்காரர்கள் வருவதற்கும் இந்தக் காற்றே காரணம். களப்பின் ஓரத்தில், பாலாவிப் பக்கம், வெயிலில் கடல்நீரைக் காயவைத்து உப்பு விளைவிக்கிறார்கள். உப்பு, மணல், ஈரம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடும் இத்தகைய கரை, எந்த உருக்குப் பொறிக்கும் கடுமையான சோதனைக்களம்.

பீடி இலையும் மஞ்சளும் இந்தக் கரை வழியே கடத்தப்படுவதால் பொலிஸாரும் கடற்படையினரும் இங்கே ஆயுதத்துடன் பணியில் இருக்கிறார்கள். கற்பிட்டியில் கடற்படையின் விஜய தளம் இருக்கிறது. இலங்கையில் தனியார் ஆயுதம் வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. எனவே இங்கே தெரிவும் பரிசோதனையும் பெரும்பாலும் அரச படைகளின் கொள்வனவு சார்ந்த விடயங்கள்.

ஒரு சுற்றுக்குள் நடக்கும் வேலைகள்

தானே மீளேற்றும் கைத்துப்பாக்கியில் ஒரு சுற்றுக்கு எட்டு வேலைகள் நடக்கின்றன. ரவைக்கூட்டின் சுருள்வில் ரவையை மேலே தள்ளுகிறது. குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு, முன்னோக்கி ஓடும்போது அதை ரவை அறைக்குள் செலுத்துகிறது. குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்கின்றன. ஊசி ரவையின் அடித்தட்டைத் தாக்க மருந்து எரிகிறது. பின்னுதைப்பில் பூட்டு விலகுகிறது. கொக்கி வெற்றுக் கோதைப் பிடித்து இழுக்கிறது. தள்ளி எனும் பாகம் அதைச் சாளரத்தின் வழியே எறிகிறது. திரும்பும் ஸ்லைடு அடிகட்டையை அல்லது ஊசியை மீண்டும் இழுத்து நிறுத்துகிறது. இவை எல்லாம் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கிற்குள் முடிந்துவிடும்.

எட்டில் எது தவறினாலும் ஆயுதம் நின்றுவிடும். ரவை அறை வாயிலில் மூக்கு முட்டி நிற்பது, கோது வெளியேறாமல் அறைக்குள்ளேயே தங்குவது, வெளியேறும் கோது சாளரத்தில் செங்குத்தாக அகப்படுவது, இரண்டு ரவைகள் ஒரே நேரத்தில் நுழைய முயல்வது, ஊசி தாக்கியும் வெடிக்காதது என்பன வழக்கமான கோளாறுகள். படைத்துறைப் பரிசோதனைகளில் இவை மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன. சுடுபவரே சில வினாடிகளில் சரிசெய்யக்கூடியது முதல் வகை. அவரே சரிசெய்ய முடிந்தாலும் அதிக நேரம் எடுப்பது இரண்டாம் வகை. ஆயுதத் திருத்துநரிடம் கொண்டுபோக வேண்டியது மூன்றாம் வகை. எண்ணிக்கை சமமாக இருந்தாலும், முதல் வகைக் கோளாறுகள் மட்டுமே உள்ள கைத்துப்பாக்கியும் மூன்றாம் வகை கலந்த கைத்துப்பாக்கியும் சமமாகா.

காரணத்தைத் தேடுவதிலும் கவனம் தேவை. கோளாறு ஆயுதத்தில் இருக்கலாம், ரவையில் இருக்கலாம், ரவைக்கூட்டில் இருக்கலாம், சுடுபவரின் பிடியிலும் இருக்கலாம். மணிக்கட்டைத் தளர்வாக வைத்துச் சுட்டால் சட்டகமும் சேர்ந்து பின்னே போகும். ஸ்லைடு முழுத் தூரம் ஓடாமல் இடையில் நிற்கும். ரவைக்கூட்டின் மேல்விளிம்பு சற்று வளைந்திருந்தாலே ரவை தவறான கோணத்தில் எழும். அதனால் பரிசோதனையில் ஒவ்வொரு ரவைக்கூட்டுக்கும் இலக்கமிட்டு, எந்தக் கூட்டில் எத்தனையாவது ரவையில் தடை வந்தது என்று குறித்து வைப்பார்கள். ஒரே கூட்டில் தடைகள் குவிந்தால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும்.

எத்தனை ரவைகள் போதும்?

ஒரு கைத்துப்பாக்கி 100 ரவைகளைத் தடையின்றிச் சுட்டது என்றால் அது நம்பத்தக்கது என்று பலர் எண்ணுவார்கள். புள்ளியியல் அவ்வளவு தாராளமாக இல்லை. ஒரு சுற்றில் தடை ஏற்படும் நிகழ்தகவு p என்றால், n சுற்றுகள் தொடர்ந்து தடையின்றிப் போகும் நிகழ்தகவு (1–p)ⁿ. இது 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் எல்லையைக் கண்டால், p ஏறத்தாழ 3/n என்று வரும். மூன்றின் விதி என்று புள்ளியியலாளர் இதைச் சொல்வார்கள். 100 ரவைகள் தடையின்றிப் போனால், தடை விகிதம் 3 சதவீதத்துக்கு மேல் இல்லை என்றுதான் 95 சதவீத உறுதியுடன் கூற முடியும். 300 ரவைகளுக்கு அந்த எல்லை 1 சதவீதம். ஆயிரத்துக்கு ஒன்று என்ற நிலையை நிரூபிக்க 3,000 ரவைகள் தடையின்றிப் போக வேண்டும்.

இடையில் ஒரேயொரு தடை வந்துவிட்டால் கணக்கு மாறும். அதே உறுதியுடன் ஆயிரத்துக்கு ஒன்றை நிரூபிக்க அப்போது சுமார் 4,740 ரவைகள் வேண்டும். இரண்டு தடைகள் வந்தால் சுமார் 6,300.

இந்த விகிதங்களின் உண்மைப் பொருள், 15 ரவைகள் கொண்ட ஒரு கூட்டைச் சுட்டு முடிப்பதைக் கணக்கிட்டால் தெரியும். தடை விகிதம் நூற்றுக்கு ஒன்று என்றால், ஒரு கூடு தடையின்றி முடியும் வாய்ப்பு 86 சதவீதம்தான். ஏழு கூடுகளில் ஒன்று இடையில் நிற்கும். ஐந்நூறுக்கு ஒன்று என்றால் வாய்ப்பு 97 சதவீதமாகும். இரண்டாயிரத்துக்கு ஒன்று என்றால் 99 சதவீதத்தைத் தாண்டும். நூற்றுக்கு ஒன்று என்பது காதுக்குச் சிறிய எண்ணாகக் கேட்டாலும் உயிரைக் காக்கும் கருவிக்கு அது பெரிய குறை.

வரலாற்றுப் பரிசோதனைகளை இந்தக் கணக்கால் மீண்டும் வாசிக்கலாம். அமெரிக்க இராணுவம் 1911 மார்ச்சில் கோல்ட், சவேஜ் ஆகிய இரண்டு நிறுவனங்களின் கைத்துப்பாக்கிகளை 6,000 ரவைகள் சுட வைத்து ஒப்பிட்டது. சூடேறியபோது தண்ணீரில் அமிழ்த்தித் தொடர்ந்து சுட்டார்கள். ஜோன் பிரவுணிங் வடிவமைத்த கோல்ட் ஒரு தடையும் காணவில்லை. சவேஜ் 37 முறை நின்றது. அந்த மாத இறுதியில் கோல்ட் ஏற்கப்பட்டு M1911 என்ற பெயர் பெற்றது. மூன்றின் விதிப்படி, 6,000 ரவைகள் தடையின்றிப் போனதிலிருந்து கிடைக்கும் உறுதி, தடை விகிதம் இரண்டாயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் இல்லை என்பதாகும். ஆனால் அது சுடப்பட்ட அந்த ஒரு மாதிரிக்கும், அன்றைய ரவைக்கும், அன்றைய சூழலுக்கும் மட்டுமே பொருந்தும். 1980களின் தொடக்கத்தில் ஒஸ்திரிய இராணுவம் புதிய கைத்துப்பாக்கி தேடியபோது, 10,000 ரவைகளில் 20 தடைகளுக்கு மேல் வரக்கூடாது என்று நிபந்தனை வைத்தது. அது ஐந்நூறுக்கு ஒன்று. முன்பு கைத்துப்பாக்கி செய்தே அறியாத காஸ்டன் குளொக்கின் நிறுவனம் அந்தப் போட்டியில் வென்றது; 1982இல் அதன் கைத்துப்பாக்கியை இராணுவம் ஏற்றது.

மலிவு என்றால் எது?

அமெரிக்கச் சில்லறைச் சந்தையில் மலிவான 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி ஒன்றின் விலை ஏறத்தாழ ஆயிரம் சாதாரண ரவைகளின் விலைக்குச் சமம். அப்படியென்றால் 3,000 ரவைப் பரிசோதனைக்கு மூன்று கைத்துப்பாக்கிகளின் விலை செலவாகும். ஆயுதத்தின் விலையில் பத்து சதவீதம் குறைப்பதால் மிச்சமாகும் பணம், பரிசோதனைச் செலவின் முன் பெரிதாகத் தெரியாது. பரிசோதனைக்கு ஆயுதம் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது ரவையின் விலையையும் அது தடையின்றிக் கிடைப்பதையும்தான். ஜோர்ஜ் லூகர் 1902 அளவில் உருவாக்கிய 9×19 மில்லிமீற்றர் ரவை உலகெங்கும் படைகளின் பொதுவான ரவையாக இருப்பதால், அதற்கான ஆயுதமே பெரும்பாலும் மொத்தச் செலவில் மலிவாக முடிகிறது.

அரசுகளின் கொள்வனவிலும் இதே பாடம் கிடைக்கிறது. அமெரிக்க இராணுவத்தின் 1984ஆம் ஆண்டுப் பரிசோதனையில் பெரெட்டா, சிக் சவர் ஆகிய இரண்டு மட்டுமே தேறின. ஒரு கைத்துப்பாக்கிக்கான விலையில் சிக் சவர் சற்றே மலிவு. உதிரிப்பாகங்களையும் ரவைக்கூடுகளையும் சேர்த்து மொத்தத் தொகை பார்த்தபோது பெரெட்டா மலிவாகியது; 1985இல் ஒப்பந்தம் அதற்கே போனது. 2017இல் அந்த இடத்துக்கு அடுத்த ஆயுதத்தைத் தெரிவுசெய்தபோது சிக் சவர் 16.95 கோடி டொலருக்கும் குளொக் 27.22 கோடி டொலருக்கும் விலை கேட்டன. சிக் சவர் வென்றது. குளொக் செய்த முறைப்பாட்டை அமெரிக்கக் கணக்காய்வு அலுவலகம் அதே ஆண்டு ஜூனில் நிராகரித்தது. பின்னர் வெளியான பென்டகனின் பரிசோதனை அறிக்கை, சிறப்பு ரவையுடன் சுட்டதைவிடச் சாதாரண ரவையுடன் சுட்டபோது அந்தக் கைத்துப்பாக்கி அதிகம் தடைபட்டதைப் பதிவுசெய்தது. ஒரே ஆயுதம், இரண்டு ரவைகள், இரண்டு வேறு நம்பகத்தன்மைகள்.

இந்தியாவில் விலை வேறு காரணங்களால் தீர்மானிக்கப்படுகிறது. பொதுமக்களுக்கு 9 மில்லிமீற்றர் தடைசெய்யப்பட்ட அளவு. கைத்துப்பாக்கி இறக்குமதியும் 1980களிலிருந்து அவர்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. எனவே அரசு ஆலைகளின் 0.32 அங்குல ஆயுதங்களே நெடுங்காலம் வழியாக இருந்தன. கான்பூர் ஆலை 2014 ஜனவரியில் பெண்களுக்கென்று அறிமுகப்படுத்திய நிர்பீக் ரிவோல்வரின் எடை 500 கிராம், விலை 1,22,360 ரூபாய். போட்டியில்லாத சந்தையில் விலை தரத்தின் அடையாளம் ஆகாது என்பதற்கு இது சான்று. மறுபக்கம், இந்திய இராணுவமும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நான்கு மாதங்களில் உருவாக்கி 2021 ஜனவரியில் காட்டிய அஸ்மி இயந்திரக் கைத்துப்பாக்கியின் உற்பத்திச் செலவு 50,000 ரூபாய்க்குக் கீழ் இருக்கும் என்று அறிவிக்கப்பட்டது. முன்மாதிரி அப்போது 300 ரவைகளுக்கு மேல் சுட்டிருந்தது. ஒரு வடிவமைப்பு இயங்குகிறது என்று காட்ட அந்த எண்ணிக்கை போதும். நம்பகத்தன்மையை நிறுவ அது தொடக்கம் மட்டுமே. பிந்தைய பரிசோதனைகளையும் கடந்து, 2024இல் இந்திய இராணுவத்தின் வடக்குக் கட்டளைப்பீடம் அதில் 550 ஆயுதங்களைக் கொள்வனவு செய்தது.

மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

மலிவான ஆயுதங்களுக்குள் எதைப் பரிசோதனைக்கு எடுப்பது என்பதில் பொறிமுறை முதல் அளவுகோல். குழல் அசையாமல் நிற்க, ஸ்லைடின் எடையும் சுருள்வில்லும் மட்டுமே பின்னுதைப்பைத் தாங்கும் எளிய அமைப்பு, உற்பத்திக்கு மலிவானது. சோவியத் ஒன்றியம் 1951இல் ஏற்ற மகரோவ் இந்த வகை. பாகங்கள் குறைவு, கோளாறும் குறைவு. ஆனால் 9×19 போன்ற வலுவான ரவைக்கு இந்த அமைப்பைப் பயன்படுத்தினால் ஸ்லைடு மிகக் கனமாக வேண்டும். அதனால் அந்த ரவைக்குப் பிரவுணிங்கின் சாயும் குழல் அமைப்பே வழக்கம்.

ரிவோல்வர் இன்னொரு வழி. ஒரு ரவை வெடிக்கவில்லை என்றால் விசைவில்லை மறுபடி இழுத்தாலே அடுத்தது வந்துவிடும். ரவையைச் சார்ந்த கோளாறை அது எளிதில் தாண்டுகிறது. ஆனால் சுழலும் உருளைக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளி மிகச் சிறியது. உள்ளே இருக்கும் விசை அமைப்பு நுணுக்கமானது. அங்கே மணல் புகுந்தால் சுடுபவரால் சரிசெய்ய முடியாது.

உலோகம் இரண்டாம் அளவுகோல். மிக மலிவான சில கைத்துப்பாக்கிகளின் ஸ்லைடும் சட்டகமும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்படுகின்றன. அந்தக் கலவை ஏறத்தாழ 385 பாகை செல்சியசிலேயே உருகத் தொடங்கும். மீண்டும் மீண்டும் வரும் அடியில் வெடிப்பும் விடும். நீண்ட பரிசோதனைக்கு அது பொருந்தாது. பிளாஸ்டிக் சட்டகம் மலிவு, துருப்பிடிக்காது, ஆனால் உள்ளே பதித்த உருக்குத் தண்டவாளங்கள் துருப்பிடிக்கும்.

மூன்றாவது, உதிரிப்பாகம். சுருள்வில்லும் கொக்கியும் ரவைக்கூடும் தேயும் பொருள்கள். அவை கிடைக்காத ஆயுதம் எவ்வளவு மலிவானாலும் நடுவழியில் பரிசோதனையை நிறுத்திவிடும்.

நான்காவது, மாதிரி எடுக்கும் முறை. உற்பத்தியாளர் பார்த்துப் பார்த்துத் தேய்த்துக் கொடுத்த ஒன்றைச் சோதிப்பதால் தெரிவது, ஆலையின் சிறந்த வேலை எப்படி இருக்கும் என்பதே. களஞ்சியத்திலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த பத்துக் கைத்துப்பாக்கிகளில் ஒவ்வொன்றையும் 300 ரவைகள் சுட்டால், ஒரே ஆயுதத்தை 3,000 ரவைகள் சுட்டதற்குச் சமமான செலவில், ஆயுதத்துக்கு ஆயுதம் உள்ள வேறுபாடும் தெரியும். தேய்மானத்தைக் காண மட்டும் அவற்றில் ஒன்றிரண்டைத் தொடர்ந்து சுட வேண்டும்.

எந்தப் பரிசோதனைக்கும் முன்பு செய்யப்படும் அழுத்தச் சோதனையை இத்துடன் குழப்பக்கூடாது. ஐரோப்பிய விதிகளின்படி 9×19 ரவையின் உச்ச அழுத்தம் 2,350 பார். சோதனை ரவை அதைவிட 30 சதவீதம் கூடுதலான அழுத்தம் தரும். அதைத் தாங்கினால் ஆயுதம் கையில் வெடிக்காது என்ற உறுதி கிடைக்கும். அது பாதுகாப்புச் சான்று. தொடர்ந்து இயங்குமா என்பதை அது சொல்லாது.

கரையின் உப்பு

உருக்கில் துரு ஏற ஈரமும் ஒட்சிசனும் போதும். உப்பு இருந்தால் வேகம் பன்மடங்காகும். கடலலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று கரைக்குள் கொண்டுவருகிறது. நீர் ஆவியாக, உப்பு உலோகத்தில் படிகிறது. சாதாரண உப்பான சோடியம் குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கும். நுரைச்சோலை போன்ற கரையில் இரவு முழுவதும் ஈரப்பதன் உயர்ந்தே இருக்கும். மழை பெய்யாத மாதங்களிலும், உப்புப் படிந்த உலோகம் இரவில் ஒரு மெல்லிய மின்பகுபொருளுக்குள் கிடக்கிறது. இடுப்புறையில் வைத்திருப்பவரின் வியர்வையும் அதே உப்பைத்தான் சேர்க்கிறது.

குளோரைட்டு அயன்கள் உலோகத்தின் பாதுகாப்புப் படலத்தைத் துளைப்பதில் வல்லவை. கறையில்லா உருக்கு, தன்னிடமுள்ள குறைந்தது 10.5 சதவீதக் குரோமியத்தால் உருவாகும் ஒட்சைட்டுப் படலத்தால் தப்பிக்கிறது. அந்தப் படலத்திலும் குளோரைட்டு சிறு குழிகளைத் தோண்டும். பழைய முறையில் நீலமேற்றிய உருக்கின் மேல் இருப்பது மிக மெல்லிய கரும் இரும்பொட்சைட்டுப் படலம். எண்ணெய் இல்லாமல் அது கடற்கரையில் நிலைக்காது. பொசுபேற்றுப் பூச்சு நுண்துளைகளில் எண்ணெயைப் பிடித்து வைத்துச் சற்று மேலாக நிற்கும். உருக்கின் மேற்பரப்பில் நைதரசனைப் புகுத்தும் முறை கடினத்தையும் துரு எதிர்ப்பையும் ஒருங்கே தருகிறது. மலிவான புதிய கைத்துப்பாக்கிகள் பலவற்றிலும் இன்று இம்முறை வந்துவிட்டதால், கரையோரப் பயன்பாட்டுக்கு விலையும் குணமும் சந்திக்கும் இடம் இதுதான்.

ஆய்வுகூடத்தில் இதைச் சோதிக்க உப்புமூட்டம் பயன்படுகிறது. அமெரிக்கப் படைத்துறையின் 810ஆம் இலக்க நியமம், 35 பாகை செல்சியசில் 5 சதவீத உப்புக் கரைசலை 24 மணி நேரம் தெளித்து, 24 மணி நேரம் உலரவிட்டு, அதை மறுபடியும் ஒருமுறை செய்யச் சொல்கிறது. உலரவிடும் கட்டத்தில் ஒட்சிசன் எளிதாகச் சேர்வதாலும் உப்பு செறிவதாலும் அரிப்பு கூடும். துரு முதலில் தாக்குவது கண்ணுக்குத் தெரியும் பரப்பை அல்ல. கொக்கியின் கீழ், ஊசியின் வழி, சுருள்வில்லின் மடிப்பு போன்ற மறைவிடங்களை. சுருள்வில்லில் விழும் சிறு குழியே பின்னர் முறிவு தொடங்கும் புள்ளி.

மணலும் எண்ணெயும்

குவார்ட்சு மோஸ் அளவில் 7 கடினம் உள்ளது. மென்மையான உருக்கை அது அராவும். குடாநாட்டின் மணல் இரண்டு விதமாகத் தொந்தரவு தருகிறது. பெரிய துகள் ஸ்லைடின் தண்டவாளத்தில் சிக்கி ஓட்டத்தை மறிக்கும். நுண்ணிய தூசு எண்ணெயுடன் கலந்து அரைக்கும் பசையாகும். மேற்சொன்ன நியமமும் 150 மைக்கிரோமீற்றருக்குக் கீழ்ப்பட்ட தூசுக்கு ஒன்றும், 150 முதல் 850 மைக்கிரோமீற்றர் வரையான மணலுக்கு ஒன்றுமாக இரண்டு தனிச் சோதனைகளை வகுத்திருக்கிறது.

உப்புக்கு எண்ணெய் வேண்டும். மணலுக்கு எண்ணெய் ஆகாது. கடற்கரையில் இந்த முரணைத் தீர்ப்பது அளவுதான். எண்ணெயிட்டுத் துடைத்தபின் எஞ்சும் மெல்லிய படலம் உப்பைத் தடுக்கும், மணலை அதிகம் பிடிக்காது. பாகங்களுக்கு இடையே தாராளமான இடைவெளி விட்டு வடிவமைத்த ஆயுதம் மணலைச் சகித்துக்கொள்ளும். போட்டிச் சுடுதலுக்கென இறுக்கமாகப் பொருத்தப்பட்ட விலையுயர்ந்த கைத்துப்பாக்கி இங்கே மலிவான படைத்துறை ஆயுதத்திடம் தோற்கலாம்.

ரவையும் பழுதடையும்

ரவையின் பித்தளைக் கோதும் சூழலால் பாதிக்கப்படும். பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்கு அருகே வைக்கப்பட்ட ரவைகளின் கோதுகள் தாமே வெடிப்பு விட்டன. உற்பத்தியின்போது பித்தளைக்குள் தங்கிய இழுவிசையும், லாயத்திலிருந்து எழுந்த அமோனியாவும், மழைக்கால ஈரமும் சேர்ந்ததே காரணம் என்று 1921இல் விளக்கப்பட்டது. கோதைச் சூடாக்கி உள்விசையைத் தணித்ததும் குறை நீங்கியது. பருவகால வெடிப்பு என்று உலோகவியல் நூல்களில் இடம்பெற்ற இந்த நிகழ்வு, நம்பகத்தன்மை என்பது ஆயுதம், ரவை, களஞ்சியம் மூன்றுக்கும் பொதுவானது என்பதைக் காட்டியது.

பழைய ரவைகளில் பற்றவைக்கும் மருந்தாகப் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. அது வெடித்தபின் குழலில் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைட்டு, அதாவது கடலுப்பின் உறவுக்கார உப்பு. எண்ணெயில் அது கரையாது. தண்ணீரில் கழுவியே நீக்க வேண்டும். மலிவு என்று பழைய ரவைகளை வாங்கிச் சோதிப்பவர், ஆயுதத்தின் குறையையும் ரவையின் குறையையும் பிரிக்க முடியாமல் போவார். அதனால் பரிசோதனைக்கு ஒரே தொகுதி இலக்கமுள்ள ரவைகளைத் தேவைக்கு மேல் வாங்கி ஒதுக்கிக்கொள்வது வழக்கம்.

பரிசோதனையின் ஒழுங்கு

முதலில் ஆயுதத்தைப் பிரித்து, பாகங்களை அளந்து, படமெடுத்துப் பதிவுசெய்வார்கள். அடுத்து 200 ரவைகள் அளவில் பழக்கச் சுடுதல். புதிய பொறிகளில் உற்பத்திக் குறைகள் ஆரம்பத்திலேயே வெளிப்படும். பின்னர் கோளாறு விகிதம் தாழ்ந்து நெடுநேரம் சமமாக ஓடும். தேய்மானம் வந்ததும் மீண்டும் ஏறும். மூன்று கட்டங்களையும் கலந்து ஒரே சராசரி எடுத்தால் அது எந்தக் கட்டத்தையும் விவரிக்காது.

பழக்கத்துக்குப் பின் சுத்தமான நிலையில் முதன்மைச் சுடுதல் நடக்கும். எத்தனை ரவைகளுக்கு ஒருமுறை துடைத்து எண்ணெயிடுவது என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். சூழல் சோதனைகள் கடைசியில் வரும், ஏனெனில் உப்பிலும் மணலிலும் கிடந்த ஆயுதம் அதற்குமேல் சுத்தமான நிலைக்குச் சான்றாகாது. எத்தனை தடைகளுக்குமேல் வந்தால் நிராகரிப்பது என்ற எல்லையும் முதல் ரவைக்கு முன்பே தீர்மானிக்கப்பட வேண்டும். முடிவைப் பார்த்தபின் வகுக்கப்படும் எல்லை எந்த ஆயுதத்தையும் தேறச் செய்துவிடும்.

ஆயிரம் முறை சோதிக்க முடியாத பொறி

கைத்துப்பாக்கிக்கு ஒரு வசதி உண்டு: ஒரு நாளில் ஆயிரம் முறை இயக்கிப் பார்க்கலாம். அந்த வசதி இல்லாத பொறி நுரைச்சோலைக் கரையிலேயே நிற்கிறது. சீனக் கடனில் கட்டப்பட்ட லக்விஜய அனல் மின்நிலையத்தின் முதல் 300 மெகாவாட் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. மற்ற இரண்டும் சேர்ந்து 2014இல் 900 மெகாவாட் நிறைவடைந்தது. மூன்றே மாதிரிகள். அவற்றின் நம்பகத்தன்மையைச் சுற்றுகளில் எண்ண முடியாது. இரண்டு கோளாறுகளுக்கு இடையிலான சராசரி இயங்கு நேரத்தால்தான் அளக்க முடியும். அந்தத் தரவு சேர ஆண்டுகள் ஆகும்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடெங்கும் மின்சாரத்தை நிறுத்தியது. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றன. அவை மீள இயங்கச் சில நாட்கள் ஆனதால் மின்வெட்டு நீடித்தது. கைத்துப்பாக்கிப் பரிசோதனையின் மொழியில் சொன்னால், தடையின் காரணம் பொறிக்கு வெளியே இருந்தது, ஆனால் தடையை நீக்க எடுத்த நேரம் பொறியின் இயல்பு. நீராவிக் கொதிகலன் அணைந்தபின் உடனே எழாது. சிறிய மின்வலையமைப்பில் ஓர் அலகு 300 மெகாவாட் என்பது பெரும் பங்கு. ஒன்று நின்றாலும் வலையமைப்பு முழுவதும் அதிரும். கோளாறு எத்தனை முறை வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அதனால் எவ்வளவு இழப்பு என்ற மூன்று கேள்விகளும் எந்தப் பொறிக்கும் பொது.

சூழலும் இரண்டுக்கும் பொது. அதே சோளகத்தில் கடல் கொந்தளிப்பதால் அந்த மாதங்களில் நிலக்கரிக் கப்பல்களிலிருந்து இறக்குவது நின்றுவிடும். தேவையான நிலக்கரியை முன்பே சேமித்து வைக்க வேண்டும். ஆயுதத்துக்கு எண்ணெயும் உதிரிப்பாகமும் எதுவோ, அனல் மின்நிலையத்துக்கு அந்தச் சேமிப்பு அதுவே.

முடிவை வாசித்தல்

கைத்துப்பாக்கிப் பரிசோதனையின் அறிக்கை நான்கு விடயங்களைத் தந்தால்தான் பயன்படும்: எத்தனை ஆயுதங்கள், எத்தனை ரவைகள், எந்தத் தொகுதி ரவை, எந்தச் சூழல். இவை இல்லாமல் வரும் தடை எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை. வறண்ட உள்நாட்டுக் களத்தில் 5,000 ரவைகள் தடையின்றிச் சுட்ட ஆயுதத்தைக் கற்பிட்டிக் கரைக்கு அனுப்பும் முன், உப்புமூட்டத்துக்கும் மணலுக்கும் பின் அது எப்படி இயங்கியது என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

கொள்வனவுக் குழுவின் கணக்கு இறுதியில் இப்படி அமையும்: ஆயுதத்தின் விலை, பரிசோதனைக்கான ரவைகளின் விலை, பணிக்காலம் முழுவதுக்குமான ரவைக்கூடுகள், சுருள்வில்கள், கொக்கிகளின் விலை, திருத்துநரின் நேரம். இவற்றின் கூட்டுத்தொகையை நிரூபிக்கப்பட்ட தடை விகிதத்துடன் சேர்த்துப் பார்த்தபின் எது குறைந்த செலவில் தேவையான எல்லையைத் தொடுகிறதோ, அதுவே மலிவான கைத்துப்பாக்கி. உற்பத்தியாளர் பாகத்தையோ பூச்சையோ ரவையின் தொகுதியையோ மாற்றினால் பழைய முடிவு செல்லாது. அந்த மாற்றத்துக்குரிய பகுதியையாவது மீண்டும் சுட்டுப் பார்க்க வேண்டும்.